விரதக்காரி

தயிர்க் கரண்டி தட்டுக்கு மேலே வந்ததும் அவள் கையை நீட்டி மறித்தாள்.

வேண்டாம்.

மோரும் வேண்டாம். சாம்பாரில் நெய் விட்டிருக்கிறதா? பொரியலைத் தாளித்தது எண்ணெயிலா, நெய்யிலா? பாயசம் பாலில்தானே? அப்படியென்றால் அதுவும் வேண்டாம்.

அவள் வீகன். மாட்டிடமிருந்து வரும் எதையும் தொடுவதில்லை. இதையெல்லாம் கேட்டால் பரிமாறுகிறவர்கள் முறைப்பார்கள், இல்லையென்றால் சிரிப்பார்கள். இரண்டுக்கும் அவளிடம் பதில் தயார். கன்றுக்குட்டியில் ஆரம்பித்தால் கால் மணி நேரம் ஓடும்.

பூங்கா கேன்டீனில் பரிமாறும் பவுனம்மா முறைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சரி, இன்றைக்குப் பட்டினிதான் என்று அவள் நினைத்தாள்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு நுனி வாழையிலை. ‘பறிக்காதீர்’ என்று பலகை வைத்திருக்கிற தோட்டத்தில் அறுத்ததுதான், வேறெங்கிருந்து வரும்? சொட்டச் சொட்டக் கழுவி விரித்தார். சோறு வைத்தார். தனிச் சட்டியில் புதிதாகத் தாளித்த பீட்ரூட் வைத்தார். ரசம் விட்டார்.

விட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

“எந்தச் சாமிக்கு வேண்டுதல்னு நான் கேக்கலீங்க. கேக்கவுங் கூடாது. என்ற புள்ள பூங்கோதைக்கு விடியக்காலம் வலி வந்திருச்சுங்க. இதுக்கு முன்ன ரெண்டு தங்கலை. நீங்க வாய் வெக்கறப்ப அவளை ஒருக்கா நெனச்சுக்கங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாமியா? வீட்டார் கோயிலுக்குப் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிறவள் அவள். விளக்கம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

பவுனம்மாவின் கண்களைப் பார்த்தாள். விளக்கத்தை விழுங்கிக்கொண்டாள்.

விரதக்காரியாக நடிப்பது பொய். இந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி அந்தத் தாயின் கையை உதறுவது அதைவிட மோசம். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

முதல் கவளத்தை எடுத்தாள்.

பூங்கோதை.

கறுப்போ சிவப்போ, நெட்டையோ குட்டையோ, தெரியாது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு முகத்தைத் தானாகவே உண்டாக்கிக்கொண்டாள். மென்றாள். அடுத்த கவளத்துக்கும் அதே பெயர்.

வெளியே பூப்பாத்தி ஓரம் யார் யாரோ சத்தம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் அவள் காதில் விழவில்லை. இத்தனை வருடம் எதைச் சாப்பிடக் கூடாது என்று மட்டுமே பார்த்துச் சாப்பிட்டவள். யாருக்காகவோ சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. வெறும் ரசச்சோறு இவ்வளவு பெரிய விஷயமா என்று மலைப்பாகவும் இருந்தது.

ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அப்போது பவுனம்மாவின் போன் அடித்தது.

எடுக்காமல் அவளிடமே நீட்டினார்.

“நீங்க எடுங்க சாமி.”

இடது கையால் வாங்கிக் காதில் வைத்தாள். யாரும் பேசவில்லை. தூரத்தில் ஓர் அழுகை கேட்டது. கோபமான, புத்தம்புதிய அழுகை. பிறகு ஓர் ஆண்குரல்: “அத்தை, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.”

போனை அப்படியே பவுனம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பவுனம்மா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ என்றார். டீ போடுகிறவர் முதல் டம்ளரை அவரிடம்தான் நீட்டினார்.

பவுனம்மா அதைத் தள்ளி வைத்தார்.

“எனக்கு இனிமே பால் வேண்டாங்க. இவங்க சாப்பிடறப்பவே வேண்டிக்கிட்டேன், புள்ள பொழச்சு வந்தா நானும் விட்டர்றேன்னு.”

“எத்தனை நாளைக்குங்க?” என்று கேட்டாள்.

“அதென்னங்க நாள்? இருக்கற வரைக்குந்தான்.”

பால் விடாத டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்தார். மறுபடியும் உறிஞ்சினார்.

அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். கும்பிட வேண்டும் போலிருந்தது. வலது கையில் எச்சில் காய்ந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.