ஏழு மதிப்பெண் வேகம்

கிளப்பின் புதிய ஆட்டத்திறன் இயக்குநர் சந்தானகோபாலன் பந்தைக் காலால் தொட்டவரில்லை. கால்பந்து அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டில் மட்டும் பல கோப்பைகளை வென்றவர். அந்த விளையாட்டில் நிஜ ஆட்டக்காரர்களின் வேகத்துக்கும் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. கிளப் ஆட்டக்காரன் டெல்சனுக்கு ஏழு. வலது ஓரத்து இடத்துக்கு அவனோடு போட்டியிட்ட ஜோவினுக்குப் பதினாறு. தேர்வு ஓட்டத்தில் டெல்சன் ஜோவினை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு வந்து நின்றான்.

"பாத்தீங்கல்ல சார்?"

இயக்குநர் டேப்லெட்டைத் தடவினார். "பாத்தேம்ப்பா. ஆனா உங்கிட்ட இவ்ளோ வேகம் கிடையாதே!" பிறகு கவலையோடு ஜோவின் பக்கம் திரும்பினார். "கால்ல ஏதும் அடியா தம்பி?"

"அதெல்லாம் இல்ல சார். அவன்தான் செம ஓட்டம் ஓடுறான்."

"என்ன பெருந்தன்மை பாரு! கேம்ல குணத்துக்குப் பதினெட்டு சும்மாவா போட்டிருக்கான்?" என்று மெச்சி, அணியின் பனியனை ஜோவினிடமே கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் டெல்சன் அந்த விளையாட்டைப் போனில் இறக்கினான். தன் கிளப்பையே எடுத்துக்கொண்டு, முதல் வேலையாக வலது ஓரத்தில் தன்னை நிறுத்தினான். அணி தோற்றது. பிடிவாதமாக மறுபடியும் நிறுத்தினான். மறுபடியும் தோற்றது. இன்னொரு தோல்வி என்றால் உன் வேலை போய்விடும் என்று திரை எச்சரித்தது. தன் பெயர்மேல் கட்டைவிரலை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அதை பெஞ்சுக்குத் தள்ளிவிட்டு ஜோவினை இறக்கினான். ஆட்டம் தொடங்கிய சூட்டோடு ஜோவின் கோல் போட, பஸ் என்பதையும் மறந்து, "அப்படிப் போடுடா!" என்று கத்தினான்.