அடங்காத பசி

சமையலறை ஜன்னலில் சாயும் வெயில், சிறுமியின் கையில் கயிறு கயிறாய்ப் புடைத்த நரம்புகள் மேல் விழுகிறது. அத்தை ரொட்டியில் வெண்ணெயை அப்பி நீட்ட நீட்ட, அவள் மெல்லாமலே விழுங்குகிறாள். “எலும்பும் தோலுமா கெடக்குது. பெத்த புள்ளைக்குப் போட உனக்கு மனசு வரலயா?” என்று அத்தை கேட்கிறாள். அம்மா கைத்துணியை முறுக்கியபடி நிற்கிறாள். “அண்ணி, இவ உடம்புல கொழுப்புச் செல்லே வளரலயாம். மிச்சத்தைச் சேத்து வைக்கிறதும், போதும்னு மூளைக்குச் சொல்றதும் அந்தச் செல்தானாம். அது இல்லாம பசி அடங்காது. தின்னதெல்லாம் கல்லீரல்ல போய்ப் படிஞ்சு அதைக் கெடுக்குதுன்னு டாக்டர் சொல்றாரு.” அத்தை சிரிக்கிறாள். “கொழுப்பு இவளுக்கு இல்ல, உனக்குத்தான்டி ஏறிப்போச்சு.” கத்தி மறுபடியும் வெண்ணெயை வழிக்கிறது. அம்மா பாய்ந்து தட்டைப் பிடுங்குகிறாள். விடாமல் பற்றும் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரிக்கிறாள். தாடையை அழுத்தி, வாய்க்குள் விரலை விட்டு, இருப்பதைத் தோண்டி எடுக்கிறாள். பல் பட்டு அவள் விரலில் ரத்தம் கசிகிறது. சிறுமி அழவில்லை. உதட்டில் ஒட்டிய வெண்ணெயை நக்கிக்கொண்டே அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். “அத்தை, என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இந்த அம்மா வேணாம்.” அத்தை அவள் தலையை வருடியபடி அம்மாவைப் பார்க்கிறாள். அம்மாவின் உள்ளங்கையில் எச்சில் ரொட்டி இன்னும் சூடாக இருக்கிறது.