தண்ணீர் துப்பும் குழாய்

பாய்ப்படகின் இன்ஜின் சூடேறினால் எதிர்வீட்டு மிக்கேல் தன் பெண்டாட்டி ரெஜினாளைத்தான் அடிப்பான், அதுவும் தண்ணீர் பம்பின் ரப்பர் குழாயாலேயே. படகு கிளம்பும்போது, பின்னாலுள்ள புகைக்குழாய், இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீரைத் துப்புகிறதா என்று கரையில் நின்று கை காட்டுவது அவள் வேலை. துப்பாவிட்டால் நடுக்கடலில் இன்ஜின் வெந்துபோகும். பாயை விரிக்கலாமென்றால், அது தைக்க வந்து என் வீட்டில் கிடக்கிறது. இன்று அவள் முகமெல்லாம் வீங்கி நின்றாள். பம்புக்குள் சுற்றிக் கடல்நீரை இழுக்கவேண்டிய ரப்பர்ச் சக்கரம் அவள் முந்தானை முடிச்சில் துருத்திக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கா தப்பும்? புகைக்குழாயில் வெறும் புகை.

“துப்புதாடி, மூதேவி?” என்று மிக்கேல் படகிலிருந்து கத்தினான்.

ரெஜினாள் கையைத் தூக்கினாள். “துப்புதுல்ல, அக்கா?” என்றாள் என்னிடம்.

ஒரு சேதியை அரைமணி நேரம் வாயில் அடக்கத் தெரியாதவள் என்று ஊரே என்னைச் சொல்லும். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.