ஈரம் காயும் வரை

எங்கள் பழைய காரின் டிக்கியில் ஒட்டியிருந்த மகளின் பெயரை, அவள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்றே என் கணவர் உரித்தெடுத்துவிட்டார். ஆனாலும் வெயிலில் வெளிறிய டிக்கியில், ஸ்டிக்கர் மறைத்திருந்த இடம் மட்டும் 'வினோலியா' என்று பளபளத்தது. பட்டறையில் பெயின்டர் இசக்கி ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றிப் பார்த்தார். டிக்கி முழுவதும் புதிதுபோல மின்னியது, பெயர் மறைந்தது. காயக் காய எழுத்து எழுத்தாகத் திரும்பி வந்தது.

"மேல பளபளப்புக்கு அடிச்ச கிளியர் கோட் செத்துப்போச்சு அண்ணாச்சி. பேரு இருந்த எடம் மட்டுந்தான் உசுரோட இருக்கு. அதையும் சேத்துத் தேச்சாத்தான் புதுசா அடிக்க முடியும். தேச்சிரவா?"

"அதுக்குத்தானவே வந்தேன்" என்றார் என் கணவர்.

இசக்கி உப்புத்தாளை எடுத்தார்.

"கொஞ்சம் பொறும்வே."

என் கணவர் என்னைப் பார்க்காமல் மக்கை வாங்கி, மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். பெயர் மறைந்தது. குனிந்து, ஈரம் காய்வதற்காகக் காத்திருந்தார்.