ஆறாம் நம்பர் கட்டில்

வாலாஜாபேட்டையிலிருந்து போன் செய்த ஞானசுந்தரி சிஸ்டரின் குரலில் அழுகை முட்டியது.

"எங்க பிரிண்டரை நேத்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க, பெர்சிஸ். தலைமை ஆபீஸ்ல இருந்து ரெனால்ட்னு ஒரு ஆபீசர் வந்தாரு. இனிமே நம்ம நாலு ஊர் ஆஸ்பத்திரிக்கும் காட்பாடியில ஒரே ஒரு பெரிய பிரிண்டராம். நாம கம்ப்யூட்டர்ல அனுப்புனா, பேப்பர் சாயங்காலம் வேன்ல வருமாம். இன்னிக்கு உங்க ஆம்பூருக்குத்தான் வர்றாரு."

ஆம்பூர் கிளையின் வார்டு சிஸ்டர் பெர்சிஸ் போனை வைத்தார். டிஸ்சார்ஜ் சீட்டு சாயங்காலம் வந்தால், மத்தியானமே பஸ் ஏறிவிட்ட நோயாளியை எந்த ஊரில் போய்த் தேடுவது? அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காக மூன்று வருடம் மனு மேல் மனு போட்டவர் அவர்.

அட்டெண்டர் கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பிரிண்டரை ஆறாம் நம்பர் கட்டில்ல படுக்க வைங்க."

"இன்னா சிஸ்டர்?"

"கால் பக்கம் ரெண்டு தலையணை வச்சு, முழுசா போர்த்திடுங்க."

பத்தரை மணிக்கு ரெனால்ட் வேனில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் முத்திரை குத்திய கடிதம்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு சார்" என்றார் பெர்சிஸ். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்தது.

ரெனால்ட் வார்டைச் சுற்றி வந்து ஆறாம் நம்பர் கட்டிலருகே நின்றார். "இவங்களுக்கு என்ன?"

கன்னியப்பன் முந்திக்கொண்டார். "அம்மை சார். கிட்ட போவாதீங்க."

இரண்டடி பின்வாங்கிய ரெனால்ட், பையிலிருந்து இரண்டு சாத்துக்குடிகளை எடுத்து ஸ்டூலில் வைத்தார். "பாவம், அசைவே இல்லையே. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்" என்று கண்களை மூடினார்.

பெர்சிஸால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நல்ல மனிதரைப் பிரிண்டருக்காக ஜெபிக்க வைத்துவிட்டோமே! வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினார்.

"சார், நில்லுங்க! அது பேஷன்ட் இல்ல சார், பிரிண்டர்!"

ரெனால்ட் கோபப்படவில்லை. "பரவால்ல சிஸ்டர், நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று பெருந்தன்மையோடு சொல்லி, போர்வையோடு பிரிண்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

அப்போதும் பெர்சிஸின் மனசாட்சி அடங்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டு, நிர்வாகி முக்தார் அகமதுவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஆபீசரை ஏமாத்தப் பாத்தது என் தப்பு சார். என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்."

முக்தார் அகமது மெதுவாகச் சொன்னார்:

"பிரிண்டரை ஒளிச்சு வச்சதுக்கு உங்களுக்குப் பாராட்டுக் கடிதமே குடுத்திருப்பேன் சிஸ்டர், நாங்க அனுப்பவே இல்லாத அந்த ஆபீசர் பின்னாடி நீங்களே ஓடிப்போய்க் குடுக்காம இருந்திருந்தா!"