பத்துக் குடத் தொட்டி

மீன்களுக்கு மருந்து விடுவதற்கு முன்னால், தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளச் சொல்லியிருந்தார் கடைக்காரர். தணிகைவேல் மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுக் காலித் தொட்டியை அளந்தான். நீளம் நூறு சென்டிமீட்டர், அகலம் ஐம்பது, உயரம் முப்பது. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நூற்றைம்பது லிட்டர். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடத்தால் பத்துக் குடம். ஆனால் ஊற்றியபோது ஆறாவது குடத்திலேயே தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது.

“வெளிப்பக்கமா அளந்திருப்பீங்க. கண்ணாடி தடிமனைக் கழிச்சீங்களா?” என்றாள் மனைவி ரேணுகா.

“உள்பக்கந்தான் அளந்தேன். கண்ணாடி நாலு குடத்து இடத்தையா அடைச்சிக்கும்?”

தொட்டியில் மணல்கூடப் போடவில்லை. தண்ணீருக்கு அப்பால் வீட்டுச் சுவரின் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. மீன்களை விட்டார்கள். எல்லாம் இடது மூலையில் நெருக்கியடித்து ஒண்டிக்கொண்டன. வலப்பக்கம் தூவிய தீனியை ஒரு மீனும் நெருங்கவில்லை. தீனி மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

காலையில் தண்ணீர் பாதிக்குச் சற்று மேலே நின்றது. தரையில் ஈரமே இல்லை. மீன்கள் தொட்டி முழுக்கச் சுற்றித் திரிந்தன. தணிகைவேல் குனிந்து எங்கே ஒழுகுகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேணுகா தண்ணீர்க் குடத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அங்கிருந்த டிரம் ஐந்து குடம் பிடிக்கும். நேற்றே காலியாகிவிட்டது.

“ஏங்க,” என்று உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. “ஒரு குடந்தான் ஊத்தினேன். அதுக்குள்ள டிரம் நிரம்பி வழியுது!”