மெட்டி இல்லாத கால்

"எந்தம்பி உசுரோட கீறான்டி! அதுக்குள்ள மெட்டியைக் கழட்டிட்டியா?"

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல் என்றும் பாராமல் சுந்தரி கத்திவிட்டாள். பேரணாம்பட்டில் முதல் பஸ் பிடித்து வேலூர் வந்தவளுக்கு, தம்பி பெண்டாட்டியின் வெறும் கால்விரல்கள்தான் முதலில் கண்ணில் பட்டன.

அமிர்தவள்ளி புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். "மெதுவா பேசுங்க அண்ணி."

"நான் இன்னாத்துக்கு மெதுவா பேசணும்? டாக்டர் கைய விரிச்சிட்டாரா? இல்ல, நீயே முடிவு பண்ணிட்டியா?"

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஓடியாடி வேலை பார்த்த தம்பி நவநீதன், நிமோனியா முற்றி, செயற்கை நுரையீரல் மெஷினில் படுத்து முப்பத்தெட்டு நாள். சுந்தரி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இவள் என்னடாவென்றால், அதற்குள் விதவைக் கோலத்துக்கு ஒத்திகை பார்க்கிறாள்!

நர்ஸ் ஜோயா கதவைத் திறந்தாள். "நீங்கதான் அவரோட அக்காவா? இன்னிக்கு உள்ள போய்ப் பாக்குற முறையை அவங்க உங்களுக்குக் குடுத்துட்டாங்க. வாங்க, பத்து நிமிஷம்தான்."

சுந்தரி எழுந்து நடந்தாள். தரையில் 'டிக் டிக்' என்றது. ஜோயா பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா, மெட்டியைக் கழட்டிடுங்க!"

"இன்னா பேச்சு இது? ஆஸ்பத்திரி சட்டமா?"

"சட்டம் இல்லம்மா. மெஷின் நுரையீரலுக்குத்தான். ரத்தத்தை ஓட்டுறது அவரோட சொந்த இதயம். இத்தனை நாள்ல அது ரொம்பக் களைச்சுப்போச்சு. கண்ணு மூடியிருந்தாலும் காது கேக்குது. மெட்டிச் சத்தம் கேட்டா, சம்சாரம் வந்துட்டாங்கன்னு துடிப்பு நூத்தம்பதுக்கு எகிறிடுது. போன வாரம் ரெண்டு தடவை பிழைச்சதே பெரிசு."

சுந்தரி மெல்ல அமிர்தவள்ளி பக்கம் திரும்பினாள். "அப்போ நீ உள்ள போறதே இல்லையா?"

"தினமும் போறேன் அண்ணி. தலைமாட்டுல நிப்பேன். பேசமாட்டேன், தொடமாட்டேன். நான் வந்துட்டுப் போறது அவருக்குத் தெரியாது."

சுந்தரி பெஞ்சில் உட்கார்ந்து குனிந்தாள். இருபத்தாறு வருஷமாக விரலோடு இறுகிப்போன மெட்டி, லேசில் அசைவேனா என்றது.

அமிர்தவள்ளி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி! அண்ணன் நல்லா இருக்கசொல்ல நீங்க கழட்டக்கூடாது."

"உங்கண்ணன் கல்லு மாதிரி இருப்பாரு," என்றாள் சுந்தரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ அந்தக் கால் மெட்டியைப் புடிச்சு இழு."